இரண்டு விரல்களின் இசை!

உங்கள் இடது கையை நீட்டுங்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக் கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துக் கிடார் வாசிக்க முடியுமா? இனி முடியாது என்றுதான் மருத்துவர்களும் நினைத்தார்கள். முடியும் என்று காட்டியவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

1910-ம் ஆண்டு ஜனவரி 23-ம் தேதி, பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷி என்ற கிராமத்தில் ஜாங்கோ பிறந்தார். அவருடைய பெற்றோர் ரோமா என்னும் நாடோடி இனத்தவர். இந்த இனத்தின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள்! குதிரை பூட்டிய கூண்டு வண்டிதான் அவர்களுக்கு வீடு. ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் குடும்பம், பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸ் அருகே வந்து தங்கியது.

ஜாங்கோ பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை. ஆனால், இசை என்றால் உயிர். 12 வயதில் அவருக்கு பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கிடைத்தது. பெரியவர்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக் கொண்டார். விரைவிலேயே பாரிஸ் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். 1928-ல் முதன்முதலாக இசைத்தட்டிலும் வாசித்தார். அதில் அவர் பெயரைத் தவறாக அச்சிட்டு விட்டார்கள். தன் பெயரையே எழுதத் தெரியாத அவர், எழுத்துப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதே ஆண்டு அந்தப் பேரிடி விழுந்தது. ஜாங்கோவின் மனைவி செல்லுலாய்டு என்ற பொருளில் செயற்கைப் பூக்கள் செய்து விற்று வந்தார். பழைய காலத்து சினிமா பிலிம் செய்யப்பட்டதும் இதே பொருளில்தான். சிறு பொறி பட்டாலும் குபீரென்று பற்றிக் கொள்ளும். ஒருநாள் இரவு மெழுகுவத்தியின் தீ அந்தப் பூக்குவியலில் பட்டது. கண் இமைக்கும் நேரத்தில் வண்டி முழுவதும் தீ! கணவனும் மனைவியும் உயிர் தப்பினார்கள். ஆனால், 18 வயதே ஆன ஜாங்கோவின் வலது காலும் இடது கையும் மோசமாக வெந்து போயின.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். ஜாங்கோ சம்மதிக்கவில்லை. நல்லவேளையாகக் கால் பிழைத்தது. ஆனால், இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன.

இது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? கிடாரில் வலது கை தந்தியை மீட்டும். இடது கை விரல்கள் தந்தியை அழுத்தும். அழுத்தும் இடத்தைப் பொறுத்து, அதிரும் தந்தியின் நீளம் மாறும். நீளம் குறைந்தால் ஒலி உயரும்; கூடினால் தாழும். இதற்குக் கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரல்களும் தேவை. ஜாங்கோவுக்கு மிஞ்சியதோ இரண்டு!

தம்பி ஜோசப் அவருக்கு ஒரு கிடார் கொண்டு வந்து கொடுத்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிகிச்சை நடந்தது. படுக்கையில் இருந்தபடியே ஜாங்கோ மறுபடியும் முதலிலிருந்து கற்றார். மற்றவர்கள் கையை ஓரிடத்தில் வைத்து நான்கு விரல்களால் வாசிப்பார்கள். ஜாங்கோ இரண்டு விரல்களையும் கிடாரின் கழுத்து நெடுக மேலும் கீழும் ஓடவிட்டார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. மெல்லிய தந்திகளை அழுத்த மட்டும் அவற்றைப் பழக்கினார். இப்படி யாரும் வாசிக்காத ஒரு புதிய முறை பிறந்தது.

பிறகு ஒரு நண்பர் வீட்டில், அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டைக் கேட்டு ஜாங்கோ கண் கலங்கினாராம். இதுதான் தன் வழி என்று முடிவு செய்தார். 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து ஐவர் குழு அமைத்தார். மூன்று கிடார், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ். டிரம்ஸ் கிடையாது! ஜாங்கோவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் கிராப்பெல்லிதான். இவர் பின்னாளில் நம் வயலின் மேதை எல்.சுப்பிரமணியத்துடனும் சேர்ந்து வாசித்தார். 1984-ல் அந்த இசைத்தட்டு வெளிவந்தது.

அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு எளிதல்ல. பாடும்போதே மெழுகுத் தட்டில் ஊசி கோடு கீறும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். ஒருவர் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி இல்லை. அப்படித்தான் ஜாங்கோ நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தார்.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. லண்டனில் இருந்த ஜாங்கோ பிரான்ஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்தது. நாஜிகள் லட்சக்கணக்கான ரோமா மக்களைக் கொன்றார்கள். ஜாங்கோவும் அதே இனம்தான். 1943-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தபோது பிடிபட்டார். அவருடைய இசையை ரசித்த ஒரு ஜெர்மன் அதிகாரியால் உயிர் தப்பினார். மறுபடி முயன்றபோது எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்பி விட்டார்கள். அந்தப் பயங்கர நாட்களில் அவர் இசையமைத்ததுதான் 'நுவாஜ்'. பிரெஞ்சு மொழியில் மேகங்கள் என்று பொருள். துயரத்தில் இருந்த பாரிஸ் மக்களுக்கு அது ஆறுதலானது.

போர் முடிந்தபின், 1946-ல் அமெரிக்கா சென்று டியூக் எலிங்டன் குழுவோடு வாசித்தார். 1953 மே 16-ம் தேதி, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43 மட்டுமே.

கதை இத்துடன் முடியவில்லை. 1965-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். இனி கிடாரே வேண்டாம் என்று மனம் உடைந்து போனார். அங்கிருந்த மேலாளர் அவருக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டி, வாசிப்பவருக்கு இரண்டு விரல்கள்தான் என்று சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு! டோனி விரல் நுனிக்குத் தானே உறை செய்து மாட்டிக் கொண்டு மறுபடி வாசித்தார். 'பிளாக் சபாத்' என்ற புகழ்பெற்ற குழுவின் கிடார் கலைஞர் ஆனார்.

பார்த்தீர்களா குழந்தைகளே! ஜாங்கோவுக்கு இசையைக் காகிதத்தில் எழுதத் தெரியாது. அந்த இசைத்தட்டுகள் மட்டும் இல்லாவிட்டால், அவர் கற்றது அவரோடு போயிருக்கும். நீங்களும் பாட்டோ வாத்தியமோ கற்கிறீர்களா? வீட்டிலுள்ள செல்போனில் பதிவு செய்து, பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். எங்கே பிசகுகிறது என்று உங்கள் காதே சொல்லும். திருத்திக் கொண்டு மறுபடி வாசியுங்கள்!