அச்சத்தை அறிந்த அசுவ வித்தகர்

குதிரை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது நரியைப் பரியாக்கிய திருவிளையாடல். அடுத்து, விராட நகரில் மறைந்துறைந்த காலத்திலே அரசனின் பரிகளைக் காக்கும் பணி பூண்ட நகுலன் நினைவுக்கு வருவான். கதையிலே குதிரையை நாம் நன்கு அறிவோம். அதன் இயல்பை அறிவோமா என்று எவரேனும் வினவினால் விடை கூறத் தயங்குவோம். அவ்வியல்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். அவர் அரசருமல்லர், படைத்தலைவருமல்லர், பட்டம் பெற்ற மிருக வைத்தியருமல்லர். அமெரிக்க நாட்டுப்புறத்துக் கமக்காரர் ஒருவரின் மைந்தர். யோன் சொலமன் றேரி என்பது அவர் பெயர்.

றேரி 1827ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6ஆம் நாள் ஒகாயோ மாநிலத்திலுள்ள குறோவ்போட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். அக்காலத்தில் உழவுக்கும் பயணத்துக்கும் போருக்கும் குதிரையே துணை. ஆயினும் அத்துணையைப் பழக்கும் முறையோ கொடியது. இளங்குதிரையைக் கயிறெறிந்து பிடிப்பர், சவுக்கால் அடிப்பர், அது களைத்து விழுமளவும் ஓட்டுவர். குதிரையைப் பழக்குந் தொழிலை ஆங்கிலர் ‘உடைத்தல்’ என்று பொருள்படும் சொல்லாலே வழங்கினர் என்பதிலிருந்தே அதன் தன்மை விளங்கும். உடைபட்டது பெரும்பாலும் குதிரையின் மனம். சில வேளைகளிற் பழக்கியவனின் எலும்பு.

சிறுவராகிய றேரியும் முதலில் இவ்வழியையே கண்டார். பன்னிரண்டு வயதளவிலே தம் முதற் குதிரையைப் பழக்கினார் என்பர். பலமுறை அடிபட்டார், வீழ்ந்தார். ஆனால் வீழ்ந்த ஒவ்வொரு முறையும் குதிரையைக் குறை கூறாது, அஃது ஏன் அவ்வாறு செய்தது என்று எண்ணிப் பார்த்தார். ஏனையோர் சினங்கொண்ட இடத்திலே அவர் வினா எழுப்பினார். அவருடைய பெருமைக்கெல்லாம் வித்து இதுவே.

குதிரை புல்லுண்ணும் விலங்கு. ஊனுண்ணும் விலங்குகள் திரியும் வெளிநிலத்திலே கூட்டமாய் வாழ்ந்து, ஓட்டம் ஒன்றினாலேயே உயிர் காத்த இனம் அது. அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலின் ஏறக்குறையச் சுற்றெங்கும் காண வல்லது. எனினும் நெற்றிக்கு நேர் முன்னே மிக அணிமையிலுள்ளதும், வாலுக்கு நேர் பின்னே உள்ளதும் அதன் கண்ணுக்குப் புலனாகா. ஆதலினாலேயே ஓசையின்றிப் பின்புறம் செல்பவன் உதைபடுகின்றான். காணாத பொருள் பகையாகவும் இருக்கலாம் என்பது அதன் பிறவியறிவு. ஓட வழியிருந்தால் ஓடும்; வழியில்லையேல் உதைக்கும், கடிக்கும். பின்னோக்கி மடிந்த காது, விரிந்த நாசி, இறுகிய வால், வெண்மை தோன்ற உருளும் விழி ஆகிய யாவும் அது நமக்குக் கூறும் சொற்கள். அம்மொழியை அறியாதவன் அதனை முரட்டு விலங்கு என்று இகழ்வான்.

றேரி அம்மொழியைக் கற்றார். தாம் கண்டவற்றை 1856ஆம் ஆண்டிலே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் அவர் நிறுவிய கொள்கைகள் மூன்று. தன்னிடம் வேண்டப்படுவது யாதென்று விளங்குமாயின், அது தன் இயல்புக்கு மாறாகாதவிடத்துக் குதிரை எதிர்த்து நில்லாது என்பது முதலாவது. தான் பட்டறிந்த அளவுக்கு மேல் தன் வலிமையைக் குதிரை அறியாது என்பது இரண்டாவது. எத்துணை அச்சந்தரும் பொருளாயினும், அது நோவு செய்யாதெனின், குதிரை தானே பார்த்தும் மோந்தும் தொட்டும் அறிய விட்டால் அதன் அச்சம் தீரும் என்பது மூன்றாவது. குதிரையை அணுகுவோன் அச்சத்தையும் சினத்தையும் அகற்றியே அணுகுதல் வேண்டும் என்றும், சினந்து கூறிய ஒரு சொல்லே குதிரையின் நாடித்துடிப்பை நிமிடத்துக்குப் பத்து மிகச் செய்ததைத் தாம் கண்டதாகவும் அந்நூலில் எழுதினார்.

கொள்கை இவ்வாறாக, செய்முறை யாது? அவர் குதிரையின் இடத்தோளை நோக்கி மெல்லச் செல்வார். இன்சொற் கூறிக் கழுத்தைத் தடவுவார். கையிலுள்ள தோல்வாரை அது மோந்து பார்க்க விடுவார். பின்னர் இட முன்காலை மடக்கி, அவ்வாரினாற் கட்டுவார். மூன்று காலில் நிற்கும் குதிரை உதைப்பது அரிது. விரைந்து ஓடுவதும் அரிது. மற்றை முன்காலில் வேறொரு வாரைப் பூட்டி, வயிற்றைச் சுற்றிய பட்டையினூடாக அதனைக் கையிற் பிடித்துக் கொள்வார். குதிரை அடியெடுத்து வைக்க முயலும் வேளையில் அக்காலையும் மடக்க, அது முழந்தாளிடும். சிறிது பொழுது போராடியபின் தானே பக்கமாய்ச் சாய்ந்து படுக்கும். எதிரி வென்ற அவ்வேளையிலே அடியும் கடியும் வரும் என்று அஞ்சிக் கிடக்கும் குதிரைக்குக் கிடைப்பதோ அன்பான தடவல். கால்களையும் வயிற்றையும் தலையையும் வருடி, நீட்டிய பின்கால்களிடையே தலைவைத்துப் படுத்தும் காட்டுவார் றேரி. பார்த்தோர் மாயம் என்றனர். அவரோ மாயமோ மருந்தோ யாதுமில்லை என்றார்.

கனடாவிலே படையதிகாரிகள் முன்னிலையில் இவ்வித்தையைக் காட்டிய அவர், அவர்களின் அறிமுகத்தோடு, குட்இனவ் என்னும் கூட்டாளியுடன் இங்கிலாந்து சென்றார். 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலே விக்ரோறியா மகாராணியின் முன்னிலையில் அடங்காக் குதிரைகளை அடக்கிக் காட்டினார். புகழ் ஒரு நாளிற் பரவியது.

பொறாமையும் உடன் பரவியது. அந்நாளிற் குறூசர் என்னும் பந்தயக் குதிரை ஒன்று டோசெஸ்ரர் பிரபுவுக்கு உரியதாயிருந்தது. குதிரைக்காரர்களைக் கொல்ல முயன்றமையால் அதனைத் தனிக் கொட்டிலிலே அடைத்து, பல இறாத்தல் நிறையுள்ள இரும்பு முகக்கூட்டை அதன் தலையிற் பூட்டியிருந்தனர். உண்பதற்கும் அது வருந்தியது. இக்குதிரையை அடக்கினால் உம் வித்தையை ஒப்புவோம் என்று அறைகூவினர். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலே றேரி அங்குச் சென்றார். மூன்று மணி நேரமளவிற் குறூசரின் முதுகில் அவரும், அவரைத் தொடர்ந்து பிரபுவும் ஏறினர் என்பது வரலாறு. பின்னர் அக்குதிரை றேரிக்கே உரியதாயிற்று. அதன் கொடுமைக்குக் காரணம் பிறவிக் குணமன்று. இரும்புக் கூட்டுக்குள்ளே அது பட்ட துன்பமே என்பதை உலகம் கண்டது.

இவ்விடத்து, மறைக்காது கூறவேண்டியது ஒன்றுண்டு. றேரி தம் வித்தையை இலவசமாய் வழங்கினாரல்லர். ஒருவருக்குப் பத்துக் கினி வீதம், ஐந்நூறு பேரைப் பட்டியலிற் சேர்த்து, இரகசியம் காப்பதாக உறுதியும் வாங்கியே கற்பித்தார். பிரபுக்களும் சீமாட்டிகளும் பயின்றனர். ஆனால் அமெரிக்காவில் முன்னரே அச்சான அவருடைய சிறு நூலை இலண்டன் பதிப்பகம் ஒன்று ஆறு பென்சு விலையில் வெளியிட்டுவிட்டது. இரகசியம் இரகசியமாயிருக்க வழியில்லாது போகவே, மாணாக்கர்களை உறுதிமொழியினின்றும் விடுவித்தார். அவருக்கு அஃது இழப்பே. குதிரைகளுக்கோ பெரும்பேறு. சீமான்களிடம் மட்டும் தங்கவிருந்த அறிவு வண்டிக்காரனின் கைக்கும் எட்டியது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குஞ் சென்று, வரிக்குதிரையையும் பழக்கிக் காட்டி, குறூசரோடு 1860ஆம் ஆண்டு தாயகம் மீண்டார். அடுத்த ஆண்டு அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. அசுவங்களைக் காக்கும் அறிவு பரவிய அதே காலத்தில் அசுவங்கள் போர்க்களத்திலே ஆயிரமாயிரமாய் மடிந்தன. றேரியின் வாழ்வும் நீளவில்லை. பாரிசவாதத்தால் நலிந்து, 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் நாள், முப்பத்தொன்பது வயது நிறையுமுன் உயிர் நீத்தார். குறூசர் அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1875இல் குறோவ்போட்டிலேயே இறந்தது. இன்றும் அவ்வூர் உயர்பள்ளியின் விளையாட்டுக் குழுவினர் அக்குதிரையின் பெயராலேயே அழைக்கப்படுகின்றனர்.

றேரியின் முறை முற்றும் அன்புமுறையா என்று இன்றைய அறிஞர் ஐயுறுகின்றனர். காலைக் கட்டிக் கிடத்திய குதிரை அமைதியுறுவது நம்பிக்கையினாலன்று, இனிப் பயனில்லை என்ற சோர்வினால் என்பது அவர் கூறும் தடை. அதனை யான் மறுக்கத் துணியேன். கட்டும் கட்டே, தடவிய கையே கட்டியது. ஆயினும் சவுக்கும் பட்டினியும் ஆண்ட காலத்தில், குதிரை அஞ்சுகின்றது, ஆதலின் எதிர்க்கின்றது என்று உரக்கக் கூறியது அவருடைய பெருந்தொண்டு. இன்று மிருக வைத்தியர் புண்ணைக் கழுவும்போதும் பல்லை அராவும்போதும் கைக்கொள்ளும் நெறிகளில் அவ்வுணர்வு வாழ்கின்றது. அவர் குரல் கொடுத்தபின்னரே தோட்பக்கமாய் அணுகுகின்றார். தலைக்கயிற்றைப் பிடிப்பவர் அதனைக் கையிற் சுற்றாது மடித்துப் பிடித்து, வைத்தியர் நிற்கும் பக்கத்திலேயே நிற்கின்றார். குதிரை வெருண்டால் அதன் தலையைத் தம்பக்கம் இழுக்க, பின்கால்கள் அப்பால் விலகும். ஒரு முன்காலைத் தூக்கிப் பிடித்து மற்றைக் காலைச் சோதிப்பதும் உண்டு. நோவு மிகுமெனின் வலிய கயிற்றை நாடாது, அமைதிப்படுத்தும் மருந்தை ஊசியால் ஏற்றுகின்றனர். கட்டுப்படுத்தல் எத்துணைக் குறைவாகப் போதுமோ அத்துணையே செய்க என்பது இன்றைய விதி.

இவ்வரலாற்றை யான் தேடிக் கற்றதற்கு ஒரு காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் மாணாக்கர் சிலரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றேன். ஐரோப்பியர் காலத்திலே கொண்டுவரப்பட்டு, இன்று கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகள் அங்குள்ளன. பிள்ளைகள் ஆரவாரித்து ஓட, அவை புழுதி பறக்க அகன்றன. ஒருவன் மட்டும் ஓடவில்லை. ஒரு கல்லின் மேல், குதிரைகளை நேரே நோக்காது, பக்கமாய்த் திரும்பி அமர்ந்திருந்தான். சிறிது பொழுதிற் பெட்டைக்குதிரை ஒன்று திரும்பி வந்து, பத்து முழத் தொலைவில் நின்று, காதுகளை அவன்பால் நீட்டி மூச்சை இழுத்து மோந்தது. அவன் அசைந்தானில்லை.

அச்சிறுவனை அதற்கு முந்திய தவணையிலே, செய்யுள் ஒப்புவிக்காமைக்காக யான் பிரம்பாலடித்திருந்தேன். எழுந்து நின்றதும் அவன் வாய் அடைத்துப் போனதை எதிர்ப்பு என்று கருதினேன். மடிந்த காதும் உருண்ட விழியும் அன்றே என் முன்னே இருந்தன. படிக்கத் தெரியாதவன் யானே. ஊர் திரும்பியபின் அவனைத் தனியே அழைத்து, அருகில் அமர்த்தி, அச்செய்யுளைக் கேட்டேன். ஓரெழுத்தும் பிழையாது சொன்னான். அன்றிலிருந்து என் மேசையிற் பிரம்பு இருந்ததில்லை.