சீனிவாச இராமானுஜன்

சீனிவாச இராமானுஜன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற கணிதவியலாளர் ஆவார். எண்கோட்பாடு, முடிவிலித் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளைத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தவர். கல்லூரித் தேர்வுகளில் தேர்ச்சி பெறாத இவர், பின்னாளில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளி மாணவராக இருந்தபோது கையில் கிடைத்த ஒரு தேர்வுத் துணைநூலின் தேற்றங்களை, கணக்குப் பயிற்சி போலத் தாமே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்ததே இவரது ஆய்வு வாழ்வின் தொடக்கம் ஆகும்.

பிறப்பும் குடும்பமும்

இராமானுஜன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணிபுரிந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. வருவாய் மிகக் குறைவாக இருந்ததால் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து, அவர்கள் தரும் பணத்தையும் கொண்டு குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. 1889இல் பெரியம்மை நோயால் தாக்குண்ட இராமானுஜன் அதிலிருந்து பிழைத்தார்.

பள்ளிக் கல்வி

1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முன்னணி மதிப்பெண் பெற்று, அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் விரைவிலேயே கற்றுக்கொண்டார். பின்னர் எஸ். எல். லோனி எழுதிய முக்கோணவியல் நூல் இவருக்கு இரவலாகக் கிடைத்தது. கல்லூரி மாணவர்களுக்கான அந்நூலின் கணக்குகளைப் பதின்மூன்று வயதளவில் போட்டு முடித்திருந்தார்.

சைன், கொசைன் ஆகியவற்றைச் செங்கோண முக்கோணத்தின் பக்க விகிதங்களாக மட்டும் கருதாமல், முடிவிலித் தொடர்களாகவும் எழுதலாம் என்பது இக்காலத்தில் அவருக்குப் புலப்பட்டது. தாம் கண்டறிந்ததாக எண்ணிய ஒரு முடிவை ஆய்லர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார் எனத் தெரிந்ததும் வெட்கமுற்று, எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

1902இல் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்றபின், நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு முறையை உருவாக்கினார். அடுத்து ஐம்படிச் சமன்பாட்டை முயன்றார். பொதுவான ஐம்படிச் சமன்பாட்டை மூலக்குறிகளைக் கொண்டு தீர்க்க இயலாது என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டிருந்தது. அச்செய்தி கும்பகோணத்துப் பள்ளி மாணவரை எட்டியிருக்கவில்லை.

காரின் நூல்

1903இல் ஒரு நண்பர் வழியாக நூலகப் படி ஒன்று இராமானுஜனுக்குக் கிடைத்தது. ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த அந்நூல், தூய கணிதத்திலும் பயன்பாட்டுக் கணிதத்திலும் உள்ள அடிப்படை முடிவுகளின் சுருக்கம் ஆகும். கார் பெரிய ஆய்வாளர் அல்லர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைபாஸ் தேர்வுக்கு மாணவர்களை இலண்டனில் ஆயத்தப்படுத்திய தனிப்பயிற்சி ஆசிரியர். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல் ஆகியவற்றைச் சேர்ந்த சுமார் ஐயாயிரம் முடிவுகளை அவர் எண்ணிட்டு வரிசைப்படுத்தியிருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. சிலவற்றுக்கு ஓரிரு வரிக் குறிப்பு மட்டுமே உண்டு.

பிற மாணவர்களுக்குக் குறையாகத் தோன்றக்கூடிய இவ்வமைப்பே இராமானுஜனுக்குப் பயன்பட்டது. நிறுவல் தரப்படாததால் ஒவ்வொரு முடிவும் அவருக்குத் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு ஆயிற்று. ஒன்றை நிறுவ முயலும்போது புதிய முடிவுகள் தோன்றின. அவற்றைத் தனியே குறித்துக்கொண்டார். அதே வேளையில் அந்நூலின் குறைகளும் அவரிடம் படிந்தன. முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விடும் பழக்கத்துக்கு இந்நூலின் நடை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அந்நூலில் இல்லாததால், ஐரோப்பிய கணிதத்தின் அப்பெரும்பகுதி அவருக்குப் பல ஆண்டுகள் அறிமுகமாகவில்லை.

காகிதத்தின் விலை அவருக்கு எட்டாததாக இருந்தது. எனவே சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அம்முடிவுகளை எவ்வாறு அடைந்தார் என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி இவ்வாறு பலகையிலேயே அழிந்தது.

கல்லூரியில் தோல்வி

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசைப் பெற்றார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாததால் உதவித்தொகையை இழந்தார். 1905 ஆகத்தில் வீட்டுக்குத் தெரியாமல் விசாகப்பட்டினம் நோக்கிச் சென்று, சில காலம் கழித்துத் திரும்பினார்.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இவரது திறமையை உணர்ந்து, கணித இதழ்களில் வரும் வினாக்களை இவருடன் சேர்ந்து தீர்த்து வந்தார். எனினும் உடலியங்கியல் முதலிய பாடங்களில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. 1906 டிசம்பரிலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியடைந்தார். பட்டம் இல்லாமல் நிலையான வேலை கிடைப்பது அக்காலத்தில் அரிது. இவரைப் பள்ளியில் முதலிடத்துக்கு உயர்த்திய அதே ஈடுபாடு, கல்லூரியின் வாயிலை அடைத்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி அளித்துப் பிழைக்கவும் முயன்றார். பாடத்திட்டத்துக்கு அப்பால் சென்றுவிடும் இயல்பினால் அதுவும் நிலைக்கவில்லை.

1909 சூலை 14 அன்று ஜானகி அம்மாளுடன் இவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது ஜானகிக்கு வயது பத்து. குடும்பப் பொறுப்பு வந்தபின் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

ஆதரவாளர்கள்

1910இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. குறிப்பேடுகளைக் கண்ட அவர், இராமானுஜனைத் தம் சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். அவர்கள் வழியாக, பழவேற்காடு ஏரிக்கு வடக்கே உள்ள நெல்லூரின் ஆட்சியரும் கணித ஆர்வலருமான ஆர். இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. முதலில் ஐயம் கொண்ட ராவ், இராமானுஜன் தம் முடிவுகளை எளிமையிலிருந்து படிப்படியாக விளக்கியதும் தெளிவடைந்தார். மாதம் 25 ரூபாய் அளித்துச் சில காலம் ஆதரித்தார்.

இதழில் எழுப்பிய வினாக்கள்

இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ், வாசகர்கள் தீர்ப்பதற்காக வினாக்களை வெளியிட்டு வந்தது. இராமானுஜன் அவ்விதழுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வினாக்களை அளித்தார். 1911இல் வெளிவந்த 289ஆம் வினா அவற்றுள் புகழ்பெற்றது. கீழ்க்காணும் கோவையின் மதிப்பு என்ன என்பதே வினா:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

மூன்று இதழ்கள் வெளிவந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. இராமானுஜனே விடையை அளித்தார். விடை 3.

இதன் அடிப்படை மேல்நிலைப் பள்ளி மாணவர் அறிந்ததே. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கினால் வரும் மதிப்பு கிடைக்கும். எனவே 3 = √(1 + 2 × 4). இதிலுள்ள 4 = √(1 + 3 × 5). அதிலுள்ள 5 = √(1 + 4 × 6). இவ்வாறு ஒவ்வொரு படியிலும் கடைசி எண்ணை விரித்துக்கொண்டே சென்றால் வினாவில் உள்ள கோவை உருவாகும்.

ஆயினும் இத்துடன் நிறுவல் முழுமையடைவதில்லை. 4 = √(1 + 2 × 7.5) என்று தொடங்கி, 7.5ஐயும் அவ்வாறே விரித்துக்கொண்டு சென்றால், அதே கோவை 4க்குச் சமம் போலத் தோற்றம் தரும். எனவே மூலக்குறிகளைக் குறிப்பிட்ட படியில் நிறுத்திக் கணக்கிடும் மதிப்புகள், படிகளைக் கூட்டும்போது 3ஐ நெருங்குகின்றன என்று தனியே காட்ட வேண்டும். இத்தகைய கோவைகள் குவிவதற்கான நிபந்தனையைப் பின்னாளில் டி. விஜயராகவன் நிறுவினார்.

1913இல் வெளியான வேறிரு வினாக்களும் புகழ்பெற்றவை. 2இன் அடுக்குகளில் எவற்றிலிருந்து 7ஐக் கழித்தால் வர்க்க எண் கிடைக்கும் என்பது ஒன்று. அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது முறையே 1, 9, 25, 121, 32761 ஆகிய வர்க்கங்கள் கிடைக்கின்றன. வேறு விடை இல்லை என்பதை நார்வே நாட்டின் நாகெல் 1948இல் நிறுவினார். காரணீயப் பெருக்கம் ஒன்றுடன் 1ஐக் கூட்டினால் எப்போது வர்க்க எண் கிடைக்கும் என்பது மற்றொன்று. 4! + 1 = 25, 5! + 1 = 121, 7! + 1 = 5041. பிரான்சின் புரோக்கார் முன்னரே எழுப்பியிருந்த இவ்வினாவுக்கு, இம்மூன்றைத் தவிர வேறு விடை உண்டா என்பது இன்றளவும் தீர்க்கப்படவில்லை.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இருவரும் மாலை வேளைகளில் சிலேட்டுப் பலகைகளுடன் அமர்ந்து கணக்கிட்டனர். பிறர் புரிந்துகொள்ளும்படி இடைப்பட்ட படிகளையும் எழுதுமாறு நாராயண ஐயர் இராமானுஜனை வற்புறுத்தினார்.

1913 சனவரி 16 நாளிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்குத் தம் தேற்றங்களுடன் கடிதம் எழுதினார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணிதவியலாளர் என முடிவுக்கு வந்தனர். அவ்வாண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலில் புறப்பட்டார்.

கடிதத்தில் இருந்தவை அனைத்தும் சரியானவை அல்ல. பகா எண்களின் எண்ணிக்கை பற்றிய அவரது கூற்று பிழையானது எனக் கண்டறியப்பட்டது. சிக்கலெண் சார்புகளை அறியாமையே இதற்குக் காரணம். கேம்பிரிட்ஜில் முறையான நிறுவலின் தேவையை ஹார்டி அவருக்கு எடுத்துரைத்தார். அதே வேளையில் அவரது தனித்த சிந்தனை முறை கெடாதவாறும் பார்த்துக்கொண்டார். 1916இல் பல்பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக இராமானுஜனுக்குப் பட்டம் வழங்கப்பட்டது.

ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டல் வடிவில் பிரிக்கலாம் என்ற பிரிவினைக் கணக்கில் ஹார்டியுடன் இணைந்து 1918இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் பிரிக்கலாம். 200க்கு இந்த எண்ணிக்கை 3972999029388 ஆகும். 4, 9, 14 என 5 ஐந்தாகக் கூடும் எண்களின் பிரிவினை எண்ணிக்கைகள் 5, 30, 135 என எப்போதும் 5ஆல் வகுபடும் என்பதையும் இராமானுஜன் கண்டு நிறுவினார்.

1918 மே மாதத்தில் அரச கழக உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார்.

நோயும் மறைவும்

போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் குளிரும், தாமே சமைத்து உண்ட மரக்கறி உணவின் போதாமையும் அவரது உடல்நிலையைக் கெடுத்தன. 1917 முதல் மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் தங்கினார். காசநோய் எனக் கருதி மருத்துவம் அளிக்கப்பட்டது. கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் எனப் பின்னாளில் சில ஆய்வாளர்கள் கருதினர்.

தமக்கு ஒதுக்கப்பட்ட உதவித்தொகையில் தேவைக்கு மிஞ்சியதை ஏழை மற்றும் பெற்றோரற்ற மாணவர்களின் கல்விக்கும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு 1919 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இரவல் நூல்களாலேயே கணிதம் கற்றவரின் வேண்டுகோள் இது. அவ்வாண்டு மார்ச்சில் இந்தியா திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்கிட்டு, 1920 சனவரியில் போலித் தீட்டா சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தமது 32ஆம் வயதில் காலமானார். ஜானகி அம்மாள் தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.

குறிப்பேடுகள்

இராமானுஜனின் மூன்று குறிப்பேடுகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் கையெழுத்துப் படியாகவே அச்சிட்டது. இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்களை 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார்; அவை தொலைந்த குறிப்பேடு என அறியப்படுகின்றன. புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் குறிப்பேடுகளின் முடிவுகளுக்கு நிறுவல்களைத் தொகுத்து வெளியிட்டார். பலகையில் அழிக்கப்பட்ட படிகளை மீட்டெழுதக் கணித உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

நினைவுகள்

இராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22, 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் 2003இல் வாங்கி நினைவில்லமாகப் பேணி வருகிறது. அப்பல்கலைக்கழகம் 2005 முதல் இளம் கணிதவியலாளர்களுக்கு இராமானுஜன் பெயரில் பரிசு வழங்குகிறது. அவர் வாழ்ந்த ஆண்டுகளை நினைவுகூரும் வகையில், பரிசுக்கான வயது வரம்பு 32 என வைக்கப்பட்டுள்ளது.