கிந்தனாரும் சந்திரஹரியும்: கலைவாணர் கண்ட நகைச்சுவை மேடை

பொருநைக் கரை ஊர்களுக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் இடையே ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு கதவு போன்றது. நெல்லும் வாழையும் மட்டுமன்றி நாடகக் குழுக்களும் வில்லிசைப் புலவர்களும் அக்கதவின் வழியே போய்வந்தனர். கணவாய்க்குத் தெற்கே, நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908 நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். தந்தை பெயரில் சுடலை, தாய் பெயரில் இசக்கி. இரண்டும் கொடை விழாவில் வில்லடித்துப் பாடப்பெறும் தெய்வங்களின் பெயர்கள். பின்னாளில் இவர் வில்லைக் கையில் எடுத்ததில் வியப்பில்லை.

வறுமை காரணமாகத் தொடக்கப் பள்ளியோடு இவர் கல்வி நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனின் கண் வாங்குவோரிடத்தில் இல்லை, மேடையில் இருந்தது. 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தொடங்கிய பாலஷண்முகானந்த சபை இவரை ஏற்றுக்கொண்டது. தவத்திரு சங்கரதாச சுவாமிகளின் நாடக மரபில் வளர்ந்த அச்சபையில் பாடல், வசனம், வேடம் அனைத்தும் கட்டுக்கோப்பானவை. பழைய நாடகத்தின் எலும்பும் நரம்பும் அறிந்தவனே அதை நையாண்டி செய்ய வல்லவன்; அப்பயிற்சி இவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

அந்நாளைய மேடையில் கோமாளிக்கென்று தனி இடம் உண்டு. கதை ஒருபுறம் செல்லும்; கோமாளி இடையில் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவான். கிருஷ்ணன் இவ்விரண்டையும் பிணைக்க முயன்றார். 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’ திரைப்படத்திலேயே தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொண்டார். டி.ஏ. மதுரம் இவருடைய கலைக்கும் வாழ்வுக்கும் துணையானார்.

பம்மல் சம்பந்த முதலியார் இயற்றிய ‘சந்திரஹரி’, அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகப் புரட்டிய நாடகம். அரிச்சந்திரன் பொய்யே சொல்லாதவன். சந்திரஹரி மெய்யே சொல்லாதவன். 1941இல் இது திரைப்படமானபோது கிருஷ்ணனும் மதுரமும் அதில் நடித்தனர். மயான காண்டத்தைக் கண்டு விடியவிடியக் கண்ணீர் சொரிந்து பழகிய மக்களுக்குத்தான் இக்கதையின் சுவை முழுமையாக விளங்கும். மூலத்தை அறியாதவனுக்கு இது வெறும் பொய்யன் கதை. அறிந்தவனுக்கோ ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் இன்னொரு காட்சி நிழலாடும். சத்தியவாகீசுவரர் கோயில் கொண்டிருக்கும் களக்காட்டில் மெய்யே பேசாத மன்னனின் கதை எத்தகைய நகையை எழுப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் சுவையே!

கலைவாணரின் கலையில் தலைசிறந்தது ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் காலட்சேப மேடையிலும் நாடகத்திலும் திரையிலும் புகழ்பெற்றிருந்த காலம் அது. ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்தை அறுவடை செய்யச் சொன்ன வேதியரும், தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனும் சிறுவர்க்கும் தெரிந்தவர்கள். கலைவாணர் பாகவதரின் கோலத்தையும், இராகம் இழுக்கும் பாங்கையும், கதைக்கு நடுவே கிளைக்கதைக்குத் தாவும் வழக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார். கதை நாயகனை மட்டும் மாற்றினார். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தனுக்குத் தில்லை மீது ஏக்கமில்லை. பள்ளிக்கூடத்தின் மீதுதான் ஏக்கம். ஊரில் கல்வி கிட்டாத அவன் புகைவண்டி ஏறிப் பட்டணம் சென்று, படித்து, கல்வித்துறை அலுவலனாக ஊர் திரும்புகிறான். நந்தனார் தீயில் மூழ்கி இறைவனை அடைந்தார். கிந்தனார் தீயை விழுங்கி ஓடும் வண்டியில் ஏறிக் கல்வியை அடைந்தார். இவ்வொப்புமை எத்தனை பேருக்குப் புலப்பட்டதோ, அந்தப் புகைவண்டிப் பாட்டு மட்டும் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1949இல் அறிஞர் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்திலும் கிந்தனார் இடம்பெற்றார்.

அடியாரின் கதையைக் கேலி செய்யலாமா என்னும் வினா இங்கு எழுவது இயல்பே. கூர்ந்து நோக்கின், கலைவாணர் நந்தனாரைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை என்பது தெளிவாகும். நந்தனைத் தடுத்த ஊரே கிந்தனையும் தடுக்கிறது. சிரிப்பு அவ்வூரின் மீது விழுகிறது. அவையிலிருந்து சிரிப்பவர்களும் அவ்வூராரே. களக்காட்டுக்கு அண்மையிலுள்ள திருக்குறுங்குடியில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் நம்பாடுவான் கதை நாடகமாக நிகழ்த்தப்பெறுகிறது. கோயிலுக்கு வெளியே நின்று பாடிய பாணர் குலத்து அடியவன், பிரம்மராட்சதனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்த கதை அது. இக்கதையில் ஊறியவர்களுக்கு, வாயிலில் நிறுத்தப்பட்டவனின் துயரைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கிந்தனாரில் அவர்கள் முதலில் பாகவதரின் சாயலைக் கண்டு சிரித்திருப்பர். பின்னர்ச் சிரிப்பு தம் பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்பதை உணர்ந்திருப்பர்.

இத்தகைய கலைஞரின் வாழ்வில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் நடந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு இவரும் கைதானார். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மக்களை அழவைத்த பாகவதரும் சிரிக்கவைத்த கலைவாணரும் ஒரே வழக்கில் சிறைப்பட்டது விதியின் கொடிய நையாண்டி. மதுரம் அம்மையாரும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கட்டிக் காத்தனர். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குப் பின் 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலையை எட்டவில்லை. கலைவாணரை மக்கள் விட்ட இடத்திலிருந்தே மீண்டும் ஏற்றுக்கொண்டனர். ‘கலைவாணர்’ என்னும் பட்டம் வழங்கப்பெற்றதும் அவ்வாண்டிலேதான். வழங்கியவர் சந்திரஹரியைப் படைத்த பம்மல் சம்பந்த முதலியார் என்பது எத்தனை பொருத்தம்!

பின்னர் ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) முதலிய படங்களை இயக்கினார். ஈட்டியதைவிட மிகுதியாக ஈந்தார். கடைசிக் காலத்தில் கையில் பொருள் தங்கவில்லை.

காந்தியடிகள் மறைவுக்குப் பின் அவர் வரலாற்றை வில்லில் பாட விரும்பியபோது, நெல்லையை அடுத்த சத்திரப் புதுக்குளத்து இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். சுடலைக்கும் இசக்கிக்கும் ஒலித்த வில், காந்திக்காக ஒலித்தது. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறைவதற்குள் கலைவாணர் மறைந்தார். சுப்பு ஆறுமுகம் அந்த வில்லை 2022இல் தாம் மறையும் காலம் வரை ஏந்திச் சென்றார்.