பனிக்கடலை வென்று இல்லம் திரும்பிய மாலுமி
டாம் கிரீன் (1877 – 1938)

சரித்திர ஏடுகளில் இடம்பெற்ற பெரியோர்களை இரு வகையினராகக் கொள்ளலாம். தாம் ஆற்றிய செயல்களைத் தாமே எழுதியும் எடுத்துரைத்தும் பிற்காலத்தவருக்கு அறியத் தந்தவர்கள் ஒரு வகையினர். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தம் இல்லத்துக்குத் திரும்பிவிட்டவர்கள் மற்றொரு வகையினர். பின்னவர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்களோடு மறைந்துபோய்விடுகிறது. உடனிருந்தவர்கள் எழுதி வைத்தால் மட்டுமே அது நம் கைக்குக் கிட்டுகிறது. அவ்வாறு கிட்டிய ஓர் அரிய வாழ்க்கையை நம் ஜமாஅத்தின் பெரியோர்களும் இளைஞர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இம்மலரில் தருகிறோம்.

அம்மனிதரின் பெயர் டாம் கிரீன். பிரிட்டிஷ் அரச கடற்படையில் ஏறத்தாழ 27 ஆண்டுகள் பணியாற்றியவர். தென் துருவத்தை நோக்கிச் சென்ற மூன்று பெரும் பயணங்களில் பங்கேற்றவர். ஓய்வு பெற்றபின் தம் சொந்தக் கிராமத்திலேயே மனைவி மக்களோடு வாழ்ந்து மறைந்தவர்.

இளமையும் கடற்படைப் பணியும்

அயர்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில் கெர்ரி மாவட்டம் உள்ளது. அங்கே கடலுக்குள் நீண்டு செல்லும் டிங்கிள் தீபகற்பத்தில் அன்னஸ்கால் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1877-ஆம் ஆண்டு டாம் கிரீன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், நிலமோ சிறிது. எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடு அவருடைய கல்வி முடிவடைந்தது. அக்காலத்து ஏழை அயர்லாந்து இளைஞர்கள் பலரையும் போலவே அவரும் பிழைப்பைத் தேடி 1893-ஆம் ஆண்டு, பதினாறு வயதை ஒட்டிய பருவத்தில், கடற்படையில் சேர்ந்தார்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் பணியாற்றிய போர்க்கப்பல் நியூசிலாந்தில் நின்றிருந்தது. தென் துருவக் கண்டத்தை ஆராயப் புறப்பட்ட தளபதி ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பலும் அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்கப்பலில் ஒரு மாலுமியின் இடம் காலியாக, கிரீன் தாமாகவே முன்வந்து அவ்விடத்தைப் பெற்றார். 1904 வரை நீடித்த அப்பயணத்தில் அவருடைய உடல் வலிமையையும் கலங்காத மனத்தையும் ஸ்காட் நன்கு கண்டுகொண்டார். அதனால் 1910-இல் டெர்ரா நோவா கப்பலில் தம் இரண்டாம் பயணத்தைத் தொடங்கியபோது கிரீனை மறவாமல் அழைத்துக்கொண்டார்.

துருவத்தின் வாயிலிலிருந்து திரும்பியவர்

1912 ஜனவரி 4-ஆம் நாள் கிரீனின் வாழ்வில் மறக்க இயலாத நாளாகும். அன்று தென் துருவம் இன்னும் 270 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. இறுதிக் கட்டத்துக்குத் தம்முடன் வரவேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எஞ்சிய மூவரைத் திரும்பிச் செல்லுமாறு ஸ்காட் பணித்தார். கிரீன், லாஷ்லி என்ற மாலுமி, எவன்ஸ் என்ற இளம் அதிகாரி ஆகியோரே அம்மூவர். அத்தனை தூரம் பனிச்சறுக்கு வண்டியைத் தோளில் வார் பூட்டி இழுத்து வந்த கிரீன், அச்செய்தியைக் கேட்டுக் கண்ணீர் வடித்தார் என்று ஸ்காட் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

திரும்பும் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பாதி வழியைக் கடந்தபின் எவன்ஸை ஸ்கர்வி நோய் பற்றிக்கொண்டது. காய்கனிகளும் புதிய இறைச்சியும் நெடுநாள் உண்ணக் கிடைக்காதவர்களுக்கு ஈறுகளில் குருதி கசிந்து, மூட்டுகள் வீங்கி, இறுதியில் உயிரையும் பறிக்கும் கொடிய நோய் அது. ஒரு கட்டத்தில் அவரால் நிற்கவும் இயலவில்லை. தம்மை விட்டுவிட்டு உயிர் தப்பிச் செல்லுமாறு அவர் இருவருக்கும் கட்டளையிட்டார். மேலதிகாரியின் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அவர்கள் பணிய மறுத்தார்கள். அவரை வண்டியில் கட்டிப் படுக்க வைத்து நாள்தோறும் இழுத்துச் சென்றார்கள்.

பிப்ரவரி 18-ஆம் நாள் அவர்களுடைய வலிமையும் தீர்ந்தது. பாதுகாப்பான குடிசையோ இன்னும் 56 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. லாஷ்லி கூடாரத்தில் தங்கி நோயாளியைக் கவனித்துக்கொள்வது என்றும், கிரீன் தனியே நடந்து சென்று உதவி கொண்டுவருவது என்றும் முடிவாயிற்று. மூன்று பிஸ்கட்டுகளும் இரண்டு துண்டு சாக்லேட்டும் மட்டுமே அவர் கையில் இருந்தன. கூடாரமில்லை, படுக்கைப் பையில்லை. வழியில் பனிப்புயல் வீசினால் அவரும் பிழைக்கமாட்டார், கூடாரத்தில் இருக்கும் இருவரும் பிழைக்கமாட்டார்கள். இரண்டு பிஸ்கட்டுகளை உண்டு, ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, 18 மணி நேரம் நடந்து அவர் குடிசையை அடைந்தார். அவர் உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் கடும் புயல் தொடங்கியது. அது தணிந்தவுடன் மருத்துவர் ஒருவர் நாய் வண்டியோடு விரைந்து சென்று இருவரையும் உயிருடன் மீட்டுவந்தார்.

அன்று உயிர் பிழைத்த எவன்ஸ் பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரலாக உயர்ந்தார். துருவத்தை அடைந்த ஸ்காட்டும் நால்வரும் திரும்பும் வழியில் மாண்டுபோனார்கள். 1912 நவம்பரில் ஸ்காட் உள்ளிட்ட மூவரின் உடல்களைக் கண்டெடுத்த தேடுதல் குழுவிலும் கிரீன் இருந்தார். தாம் செல்ல விரும்பி அழுத இடம் தம் தலைவரின் உயிரைக் குடித்ததை அவர் தம் கண்களாலேயே கண்டார். 1913-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், உயிர்காத்தமைக்காக அவருக்கும் லாஷ்லிக்கும் ஆல்பர்ட் பதக்கம் அணிவித்துச் சிறப்பித்தார்.

சிறு படகில் பெருங்கடல்

1914-இல் ஷாக்கில்டன் தலைமையில் எண்டியூரன்ஸ் கப்பல் புறப்பட்டது. கிரீன் அதில் இரண்டாம் நிலைக் கப்பல் அதிகாரியாகச் சென்றார். 1915 ஜனவரியில் அக்கப்பல் உறைந்த கடலில் சிக்கிக்கொண்டது. பனிப்பாளங்கள் நெருக்கி உடைத்ததில் நவம்பர் 21-ஆம் நாள் அது மூழ்கிப்போனது. 28 பேரும் மாதக்கணக்கில் மிதக்கும் பனியின்மீது வாழ்ந்து, பின்னர் மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரலில் ஆளரவமற்ற எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். அத்தீவின் வழியாக எக்கப்பலும் செல்வதில்லை. தாமாகச் சென்று உதவி தேடினாலன்றி மீட்சியில்லை.

ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமே உடைய ஒரு படகில் அறுவர் மட்டும் ஏப்ரல் 24-ஆம் நாள் புறப்பட்டார்கள். தீவில் தங்குவோருக்குத் துணையாகக் கிரீனை விட்டுச் செல்லவே ஷாக்கில்டன் முதலில் எண்ணினார். தம்மையும் அழைத்துச் செல்லுமாறு கிரீன் மன்றாடி இடம் பெற்றார். உலகின் மிகக் கொந்தளிப்பான கடலில் 800 கடல் மைல்களை அவர்கள் கடந்தார்கள். நனைந்த ஆடையோடு, ஆடும் படகில் அடுப்பை மூட்டிச் சூடான உணவு தயாரிப்பதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. சுக்கானைப் பிடித்திருக்கும் வேளையில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பார் என்றும், அது என்ன பாட்டென்று எவருக்கும் விளங்கியதில்லை என்றும் ஷாக்கில்டன் தம் நூலில் குறித்திருக்கிறார்.

மே 10-ஆம் நாள் தெற்கு ஜார்ஜியா தீவில் கரையேறினார்கள். ஆனால் மக்கள் வாழும் திமிங்கில வேட்டை நிலையம் தீவின் மறுபுறத்தில் இருந்தது. இடையே எவரும் அதுவரை கடந்திராத பனிமலைகள். ஷாக்கில்டன், வொர்ஸ்லி, கிரீன் ஆகிய மூவரும் ஒரு கயிற்றையும் தச்சரின் வாய்ச்சி ஒன்றையும் துணையாகக் கொண்டு 36 மணி நேரம் ஏறக்குறைய ஓயாமல் நடந்து அந்நிலையத்தை அடைந்தார்கள். மூன்று முறை தோற்று, நான்காம் முறை சிலி நாட்டுக் கப்பலொன்றின் உதவியால், ஆகஸ்ட் 30-ஆம் நாள் எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள். ஒருவரும் இறக்கவில்லை.

இல்லறமும் மௌனமும்

1917 செப்டம்பரில் தம் ஊரைச் சேர்ந்த எல்லன் என்ற பெண்மணியைக் கிரீன் மணந்தார். அப்போது அவருக்கு 40 வயது. 1920 மார்ச்சில் உடல் நலக்குறைவு காரணமாகக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஷாக்கில்டன் மீண்டும் தென் துருவம் நோக்கிப் புறப்பட ஆயத்தமானபோது கிரீனுக்கு அழைப்பு விடுத்தார். தம்மோடு சாவின் விளிம்பு வரை வந்த தலைவரின் அழைப்பு அது. இன்னொரு முறை சென்றிருந்தால் புகழும் பொருளும் கூடியிருக்கக்கூடும். ஆயினும் கிரீன் மறுத்துவிட்டார். மனைவியும் சிறு குழந்தைகளும் தம்மைச் சார்ந்திருக்கையில் அவர்களைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. அப்பயணத்தின்போதே, 1922 ஜனவரி 5-ஆம் நாள், ஷாக்கில்டன் தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் காலமானார்.

அன்னஸ்காலில் கிரீன் தம்பதியர் ஒரு சிறு விடுதியை நடத்தினார்கள். அதற்குத் தென் துருவ விடுதி என்று பெயரிட்டார்கள். அவர் தம் கடந்த காலத்தைப் பற்றி ஊராருக்கு அளித்த அறிவிப்பு அந்தப் பெயர்ப்பலகை ஒன்றே எனலாம். மூன்று பெண்மக்கள் பிறந்தனர். நடுமகள் கேட் நான்கு வயதிலேயே நோயுற்று இறந்தாள். பனிக்கடலில் எத்தனையோ பேரின் உயிரைக் காக்கத் துணைநின்ற அவரால் தம் மகளைக் காக்க இயலவில்லை. அத்துயரையும் அவர் மௌனமாகவே சுமந்தார்.

தம் பதக்கங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பத்திரிகைகளுக்குப் பேட்டி அளிக்கவில்லை. நாட்குறிப்பும் எழுதி வைக்கவில்லை. தம் பெண்மக்களிடம்கூடத் துருவப் பயணங்களைப் பற்றி அவர் பேசியதில்லை.

இம்மௌனத்துக்கு அவருடைய அடக்கம் ஒரு காரணம். காலச் சூழல் மற்றொரு காரணம். 1919 முதல் 1921 வரை அயர்லாந்து மக்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போர் நடத்தினார்கள். அதையடுத்து உள்நாட்டுப் போரும் மூண்டது. காவல்துறையில் பணியாற்றிய கிரீனின் உடன்பிறந்த சகோதரர் 1920 ஏப்ரலில், கிரீன் ஓய்வு பெற்று ஏறத்தாழ ஒரு மாதத்தில், பதுங்கியிருந்து நடத்தப்பட்ட தாக்குதலில் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படையில் பெற்ற சிறப்பைப் பேசுவது அந்நாளில் குடும்பத்துக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். எனவே தம் பெருமையைவிடத் தம் வீட்டாரின் பாதுகாப்பையும் ஊராரோடு இணக்கமாக வாழ்வதையும் அவர் மேலாகக் கருதினார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

1938-இல் அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. அண்மை நகரத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவர் இல்லாமையால் தொலைவிலுள்ள கார்க் நகரத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அதற்குள் குடல்வால் வெடித்து நச்சு பரவிவிட்டது. ஜூலை 27-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். மற்றவர்களுக்கு உரிய நேரத்தில் உதவி கொண்டுவந்து சேர்த்தவருக்கு, அவருடைய தேவையில் உதவி காலம் தாழ்ந்தே கிட்டியது. தம் குடும்பத்துக்காகத் தாமே கட்டிவைத்த கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

காலம் கடந்து வந்த நினைவு

நெடுங்காலம் அவருடைய பெயர் ஸ்காட், ஷாக்கில்டன் ஆகியோரின் வரலாறுகளுக்கிடையே ஓரத்தில் மட்டுமே இருந்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவந்தபின் நிலைமை மாறியது. 2003-இல் அன்னஸ்காலில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அண்டார்க்டிக்காவில் ஒரு மலையும், தெற்கு ஜார்ஜியாவில் ஒரு பனியாறும் அவர் பெயரால் வழங்கப்படுகின்றன. எண்டியூரன்ஸ் கப்பலின் சிதைவு 2022 மார்ச்சில், கடலின் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அயர்லாந்து அரசு தன் கடலாய்வுக் கப்பலொன்றுக்கு டாம் கிரீன் என்று பெயர் சூட்டியது.

தோழர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இல்லையெனில் இவற்றுள் எதுவும் நடந்திராது. கிரீன் தம் வாயால் சொல்லியிருக்கக்கூடியவை அவரோடு மண்ணில் மறைந்துவிட்டன. அந்த 18 மணி நேரத் தனிமையில் அவர் என்ன நினைத்தார் என்பதை அவருடைய மக்களும் கேட்டறிந்ததில்லை.

நம் ஜமாஅத்திலும் கடல் கடந்து சென்று, குடும்பத்துக்காக உழைத்து, ஓய்வு பெற்று வந்து அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பல இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்கள் தாமாகப் பேசமாட்டார்கள். அவர்களுடைய மௌனத்தைக் கண்டு சொல்வதற்கு ஒன்றுமில்லை போலும் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர்கள் அருகில் அமர்ந்து, எங்கு சென்றீர்கள், யாரோடு இருந்தீர்கள், என்ன துன்பம் கண்டீர்கள் என்று கேட்பதும், கேட்டதைக் குறித்து வைப்பதும் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கடமையாகும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அக்கடமையை நிறைவேற்றுவோமாக.