குதிரை முட்டையும் லத்தீன் இலக்கணமும்

பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்பி வாங்கின பரமார்த்த குருவை நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை எழுதினவர் இத்தாலிக்காரர்! பெயர் பெஸ்கி. 1680-ல் பிறந்தார். 1710-ல் கப்பலில் இந்தியா வந்து, தமிழ் படிச்சு வீரமாமுனிவர் ஆனார்.

பின்னால் வரும் பாதிரியார்களும் தமிழ் கற்கணுமே? அதுக்காகத் தமிழ் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார். வெறும் இலக்கணம்னா யாருக்கும் தூக்கம்தானே வரும்! பரமார்த்த குரு கதையைத் தமிழில் எழுதி லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பாங்க. இங்கிலீஷ் பீரியடுன்னா பயப்படுற எங்களுக்கும் இப்படி ஒரு கதைப் புத்தகம் கிடைக்குமா டீச்சர்?

திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பாலை லத்தீனில் மொழிபெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், துறவி என்பதாலோ என்னவோ. 1732-ல் சதுரகராதி செய்தார்.

முன்பெல்லாம் குறில் எ மேல புள்ளி வைப்பாங்களாம். புள்ளியை எடுத்துட்டு, நெடிலுக்குக் கீழே கோடு இழுத்து 'ஏ' ஆக்கியவரும் இவர்தான்.

- 9-ஆம் வகுப்பு மாணவி