மகலனோபிஸும் எங்கள் சர்வரும்



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். நான் பேர் கொடுக்கப் போவதற்குள் பாரதியாரையும் அப்துல் கலாமையும் வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள். நான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்று எழுதிக் கொடுத்தேன். யாருடா அது என்று என் பெஞ்சுக்காரனே கேட்டான். நம் நாட்டுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டரை வரவழைத்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற நமக்கு அவரைத் தெரியாதது கொஞ்சம் வெட்கமான விஷயம். எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. எப்படித் தெரிய வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு 1913-இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். லண்டனில்தான் சேர்வதாக இருந்தது. ஒருநாள் சும்மா கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அங்கே கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றதில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். ராத்திரி ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். காலையில் லண்டன் நினைப்பே போய்விட்டது! அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்டால் நமக்கு ஒருநாள் அட்டெண்டன்ஸ் போகிறது. அவருக்கு வாழ்க்கையே திரும்பியது.

அங்கேதான் நம்ம கும்பகோணம் ராமானுஜனோடு பழக்கம். 1914-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். குளிர் வந்ததும் மகலனோபிஸ் அவரைப் பார்க்கப் போகிறார். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று விசாரித்தால், ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறதாம். கட்டிலில் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு இறுக்கிச் செருகி வைத்தபடியே இருக்கின்றன. அவற்றை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று அந்தக் கணித மேதைக்கு யாருமே சொல்லித் தரவில்லை! மகலனோபிஸ் கம்பளியை எடுத்து விரித்துக் காட்டிக் கொடுத்தார். டிசம்பர் பனியில் நெல்லியாளத்தில் இருந்து முதல் பஸ் பிடிக்கிற எனக்கு இந்தச் சம்பவத்தைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்கப் போகிறவனுக்கு இப்படி எத்தனையோ சின்ன விஷயங்கள் தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

1915-இல் படிப்பை முடித்ததும் ஊருக்கு ஒரு சின்ன விடுமுறை, அப்புறம் திரும்ப வந்து ஆராய்ச்சி என்று திட்டம். முதல் உலகப் போரினால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் இருந்த பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் பத்திரிகையை ஆசிரியர் ஒருவர் அவருக்குக் காட்டினார். அது பிடித்துப்போய், வந்த தொகுதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கி, கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். திரும்பிப் போகவே இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தார், மிச்ச நேரமெல்லாம் புள்ளியியல்.

1922-இல் வட வங்காளத்தில் பெரிய வெள்ளம். தண்ணீரைத் தேக்கி வைக்க நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று யோசனை இருந்தது. இவர் ஐம்பது வருஷத்து மழைக் கணக்கை எடுத்து உட்கார்ந்தார். தேக்குவதில் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் சீக்கிரம் வடிய வழி செய்வதுதான் முக்கியம் என்று காட்டினார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். கல்லூரியில் அவருடைய அறைதான் ஆபீஸ். முதல் வருஷச் செலவு மொத்தம் 238 ரூபாய். நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் டீ செலவே இதைவிட அதிகம்!

இனி சொல்லப் போவதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த பகுதி.

1930-களின் பிற்பாதியில் வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கர் பயிராகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்தால் செலவு தாங்காது, பார்த்து முடிப்பதற்குள் அறுவடையும் முடிந்துவிடும். மகலனோபிஸ் சில இடங்களை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து அளந்தால் போதும் என்றார். ஆனால் எடுத்த எடுப்பில் மாகாணம் முழுக்க இறங்கவில்லை. 1937-இல் சின்ன இடத்தில் வெள்ளோட்டம் பார்த்து, வருஷா வருஷம் பெரிதாக்கி, 1941-இல்தான் மாகாணம் முழுக்கப் போனார். வெள்ளோட்டத்தில் அளவு மட்டும் எடுக்கவில்லை. அளக்கப் போகிற ஆள் நடக்க எவ்வளவு நேரம், அளக்க எவ்வளவு நேரம், எழுத எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எடுத்தார். அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் எத்தனை ஆள், எந்த இடம், எவ்வளவு செலவு என்று போட்டார்.

எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். காலையில் பிரட்டுக்களத்தில் மஸ்டர் எடுத்து, இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, இவர்கள் மருந்தடிக்க என்று பிரித்து அனுப்புகிறார்கள் இல்லையா? ஒரு காட்டில் கொழுந்து எடுத்தால் மறுபடி அந்தக் காட்டுக்கு எப்போது வரவேண்டும் என்று ஒரு சுற்று உண்டு. சுற்று தவறினால் கொழுந்து முத்திப் போகும். என் அம்மா இருபது வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறார். ஜாப் ஷெட்யூலர் என்று நாம் பாடத்தில் படிப்பது இதேதான். எந்த வேலை, எப்போது, எதற்குப் பின்னால் எது.

மகலனோபிஸ் அதோடு விடவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி குழுக்களை அனுப்பினார். ஒரு குழு எடுத்தது மற்ற குழுவுக்குத் தெரியாது. இரண்டு கணக்கும் ஒட்டி வந்தால் சரி, ரொம்ப விலகினால் எங்கேயோ தப்பு. வேலை நடந்தது என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பித்தபோது இந்த முறைகள் நாடு முழுக்கப் போயின.

இவ்வளவு கணக்கையும் முதலில் போட்டது மனிதர்கள்தான், மேஜைக் கால்குலேட்டரைச் சுற்றிச் சுற்றி! அது போதாது என்று பட்டதால் கம்ப்யூட்டர் மேல் அவருக்குக் கண் விழுந்தது. பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியிடம் எச்இசி 2எம் என்ற கருவி வாங்கப்பட்டது. கழகத்தின் பொறியாளர்கள் இங்கிலாந்து போய் அதைப் பற்றிப் பயிற்சி எடுத்து வந்தார்கள். 1955-இல் கல்கத்தா வந்து சேர்ந்த அது 1956-இல் வேலைக்குத் தயாரானது. வால்வுகளால் ஆனது. நினைவகம் என்பது சுழலும் காந்த உருளை, சுமார் ஆயிரம் சொற்கள்தான் கொள்ளும். துளையிட்ட அட்டையில்தான் எல்லாம் உள்ளே போகவேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது, ஷெட்யூலர் கிடையாது. ஒருவர் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் அட்டைக்கட்டை வைக்க முடியும். அதே 1956-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து, ஐபிஎம் 704-இல் ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்குகிற ஒரு புரோகிராமை எழுதினார்கள். இன்றைக்கு நாம் சர்வரில் போடுகிற ஷெட்யூலர்களுக்கு அதுதான் பாட்டன். கல்கத்தாவில் பின்னர் ரஷ்யாவின் உரால் கருவியும் வந்தது. 1966-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கழகத்தார் ஐசிஜு-1 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரையும் உருவாக்கினார்கள்.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் என்றுதான் பொது அறிவுப் புத்தகங்களில் இவர் பெயர் வரும். கனரகத் தொழிலுக்கு அதிகம் கொடுத்துவிட்டார் என்று குறை சொல்வோரும் உண்டு. அது எகனாமிக்ஸ்காரர்கள் பாடு, எனக்கு அதில் பேசத் தகுதி இல்லை.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு மினி புராஜெக்ட் செய்தோம். எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலர், தினமும் போடுகிற கொழுந்து எடையை எங்களிடமும் சொல்வார்கள். நாங்கள் ஏற்றி வைப்போம். மாசக் கடைசியில் கொழுந்து எடுக்கிறவர் தருகிற கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு சர்வர் ஏற்றி, ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுக்கக் கிரான் போட்டோம். கிரான் என்பது 1970-களிலேயே யூனிக்ஸில் வந்த ஷெட்யூலர். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம் நிரப்பி, பக்கத்தில் கமாண்டை எழுதினால் அது பாட்டுக்கு நடக்கும். கையால் ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. தினமும் ஃபோல்டரில் புது ஃபைல் வந்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

ஆடி மாச மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து ஒருநாள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் திறந்தால் அத்தனை ஃபைலும் பூஜ்யம் பைட்! காரணம் அப்புறம்தான் புரிந்தது. நாம் லாகின் செய்து ஓட்டும்போது கமாண்டைத் தேடுகிற பாதை வேறு, கிரான் தேடுகிற பாதை வேறு. நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் இருந்த ஃபோல்டர் கிரானுக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை, ஆனால் வெளியீட்டு ஃபைலை மட்டும் காலியாகத் திறந்து வைத்துவிட்டது. பிழைச் செய்தியை அனுப்ப மெயிலும் நாங்கள் அமைக்கவில்லை. இன்னொரு கூத்து, சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்திருக்கிறது. ராத்திரி 2 மணி என்று நாங்கள் நினைத்தது இங்கே காலை ஏழரை. ஃபைல் வந்த நேரத்தை ஒருவராவது பார்த்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அந்த மாசம் விவசாயிகளிடம் இரண்டாவது கணக்கு இல்லை. துண்டுச் சீட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஒரு பெரியப்பாவின் சீட்டெல்லாம் மழையில் ஊறிப்போயிருந்தது. அவர் சொன்ன எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம். கையில் காட்ட எதுவும் இல்லாததால் வந்ததை வாங்கிக்கொண்டார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, டீ வேறு போட்டுக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

இதை எங்கள் சாரிடம் சொன்னபோதுதான் அவர் மகலனோபிஸின் இரண்டு குழு முறையைச் சொல்லி, நூலகத்தில் போய்த் தேடிப் படிக்கச் சொன்னார். இப்போது சர்வர் நேரத்தை ஆசியா/கொல்கத்தாவுக்கு மாற்றிவிட்டோம். ஒவ்வொரு கமாண்டுக்கும் முழுப் பாதை எழுதுகிறோம், ஓடினதும் ஓடாததும் லாக்கில் விழுகிறது. இன்னொரு கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கிரான், முதல் கம்ப்யூட்டரின் பேக்கப்பைத் திறந்து, எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி எங்கள் போனுக்கு அனுப்புகிறது. சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் பேக்கப்பில் இருந்து நாலு பேர் கணக்கை எடுத்து, சீட்டோடு வைத்துப் பார்க்கிறோம். பெரியப்பா மறுபடியும் எடை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். ஆனால் சீட்டை இப்போது பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிறார், எங்களை முழுசாக நம்பவில்லை!

மகலனோபிஸுக்கு 1945-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், 1968-இல் பத்ம விபூஷணும் கிடைத்தன. கடைசி வரை கழகத்து வேலையை விடவில்லை. 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்த நாளுக்கு முந்தின நாள், கல்கத்தாவில் காலமானார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. எங்கள் கிரானில் அந்தத் தேதிக்கும் ஒரு வரி போட்டிருக்கிறோம். காலை 9 மணிக்கு மூன்று பேர் போனுக்கும் அவர் பெயரோடு ஒரு மெசேஜ் வரும். அது யூடிசி இல்லை, நம்ம ஊர் நேரம்தான், பார்த்துவிட்டோம்.