ஓவியர்களுக்கு ஊர் அமைத்தவர்

குழந்தைகளே! படம் வரைந்தால் வயிறு நிறையுமா என்று உங்களை யாராவது கேட்டதுண்டா? இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். சிறு வயதிலேயே படம் வரையத் தொடங்கினார். கேரளத்துக் கால்வாய்களும் தென்னந்தோப்புகளும் கிராமத்து மக்களும் அவருடைய வண்ணங்களில் உயிர் பெற்றன. ஆனாலும் பிழைப்புக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஓவிய ஆசையோ அவரை விடவில்லை. 1936-இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அதை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான்!

படித்த பள்ளியிலேயே பணிக்கர் ஆசிரியரானார். 1957-இல் முதல்வராகவும் உயர்ந்தார். மனிதர்களைப் புகைப்படம் போல வரைவதை விட்டு, கோடுகளாலும் வண்ணங்களாலும் எளிமையாகக் காட்டினார். மேல்நாட்டாரைப் பார்த்து வரையாமல், நம் மண்ணுக்கே உரிய புதிய ஓவியத்தைத் தேடினார். அதே காலத்தில் ஈராக் நாட்டில் ஜவாத் சலீம் என்ற ஓவியரும் தம் நாட்டுப் பழங்கலையிலிருந்து இப்படித்தான் புதுமை தேடினார்.

1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் நிறைந்த அந்தப் பக்கம் அவருக்கு ஓவியமாகவே தெரிந்தது. அன்று முதல் எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டங்கள் போன்றவற்றைக் கொண்டு வரைந்தார். அந்த எழுத்துகளை வாசிக்க முடியாது. பார்த்து ரசிக்கத்தான் முடியும்!

ஆனால் ஒரு கவலை அவரை வாட்டியது. படித்து முடித்த மாணவர்கள் வருமானம் இல்லாமல் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்களே! அதற்கு ஒரு வழி கண்டார். ஓவியர்கள் ஒன்றுகூடி ‘பாத்திக்’ துணிகள் செய்தார்கள். துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் அழகான படம் கிடைக்கும். இத்தகைய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கைத்தொழிலால் வாழ்க்கையை நடத்திக்கொண்டு, மற்ற நேரத்தில் விருப்பம் போல ஓவியம் வரைந்தார்கள்.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் அமைத்த ஊர் இன்றும் இருக்கிறது. பெருங்களத்தூர், தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளே, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் அந்த ஊரை அடையலாம். விடுமுறையில் பெற்றோருடன் போய், அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

பிடித்த கலையை விட வேண்டியதில்லை. கூடவே கைத்தொழில் ஒன்றும் கற்றுக்கொள்ளுங்கள். பணிக்கரின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். சரிதானே, குழந்தைகளே?